தினமும் அதே நடை, அதே கஞ்சி... சலிக்காதா ஆச்சி?

கேள்வி: ஆச்சி, வணக்கம். காரைக்குடியில் இருக்கிறேன், வயது 44. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் காலையில் நடை, அப்புறம் ஓட்ஸ் கஞ்சி, ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி என்று ஆரம்பித்தேன். முதலில் ஆர்வமாகத்தான் இருந்தது. இப்போது அலாரம் அடித்தாலே எரிச்சல் வருகிறது, கஞ்சி தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது. எனக்கு மன உறுதி போதவில்லையா?

பதில்: மன உறுதியெல்லாம் உங்களுக்கு நிறையவே இருக்கிறது, இல்லாவிட்டால் அந்தக் கஞ்சியை இத்தனை நாள் குடித்திருக்க மாட்டீர்கள். சலிப்பு வந்ததும் நம்மில் பலர் முதலில் விடுவது நேரத்தைத்தான். காலை ஆறு மணி நடை ஏழாகும், ஏழு சாயங்காலமாகும், அப்புறம் நாளைக்கு என்றாகும். நேரத்தைத் தொடாதீர்கள். ஆறு மணி ஆறு மணியாகவே இருக்கட்டும், அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதை மட்டும் மாற்றுங்கள்.

ஒரே தூரத்தை ஒரே வேகத்தில் நடந்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும். இருக்கிற தெம்பு குறையாது, ஆனால் அதற்கு மேல் ஏறவும் ஏறாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. இந்த இரண்டாவதை நம் பெண்கள் கண்டுகொள்வதே இல்லை, எனக்கு அதில் ரொம்ப வருத்தம். அதனால் வாரத்தில் இரண்டு நாள் நடையையே விட்டுவிட்டு வீட்டுக்குள் செய்யுங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது, இதுவே போதும். மற்ற நாட்களில் ஒரு நாள் ஊருணியைச் சுற்றி, ஒரு நாள் இதுவரை போகாத தெருக்களில் சில நிமிடம் வேகமாக, சில நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றி நடங்கள். முழங்கால் நன்றாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை குன்றக்குடி போய் மலை ஏறி முருகனைப் பார்த்துவிட்டு வாருங்கள், இறங்கும்போது மட்டும் நிதானம், மூட்டுக்கு அப்போதுதான் சிரமம் அதிகம். ஐப்பசி மழையில் வெளியே போக முடியாவிட்டால் வீட்டுக்குள்ளேயே முற்றத்தைச் சுற்றி வளவில் நடக்கலாம். தைப்பூசத்துக்குப் பழநி பாதயாத்திரை போகிற ஆசை இருந்தால் இப்போதே தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், எதற்காக நடக்கிறோம் என்பது தெரிந்தால் அலாரம் அவ்வளவு கசக்காது.

சாப்பாட்டுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் உஷார். ஒரு ருசி அலுத்த பிறகும் வேறு ருசி வந்தால் வயிறு இடம் கொடுக்கும், வகை கூடினால் சாப்பிடும் அளவும் கூடும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். நம் கல்யாணப் பந்தியில் இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால் வகை வேண்டியது காய்கறியில். தேன்குழல், சீயம், அதிரசம் என்று பலகாரத்தில் வகை தேடாதீர்கள், ஒரு நேரத்தில் ஒன்று, அதுவும் விசேஷத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காயில் வகை செய்ய நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெண்டைக்காயையே எடுங்கள். லேசாக எண்ணெய் விட்டு வழுவழுப்புப் போக வதக்கி, முழுப் பூண்டு, சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய் சேர்த்து, அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரில் கரைத்த புளியை ஊற்றிக் கொதிக்கவிட்டால் மண்டி. அது ஒரு நாள். அதே காய் அடுத்த முறை துவட்டல், அதற்கடுத்து பச்சடி. எண்ணெயில் மட்டும் சிக்கனம் வேண்டும். நாள் ஒன்றுக்குக் கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. ஒரே பொரியலை வைத்துக்கொண்டு 400 கிராமை எட்டுவது கஷ்டம்.

ஓட்ஸை வாரத்துக்கு ஒரு நாளாக்குங்கள். மற்ற நாட்களில் பாசிப்பயறு தோசை, முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, முட்டை என்று மாறட்டும். கவுனி அரிசி என்றாலே நமக்குச் சீனியும் தேங்காயும்தான் ஞாபகம் வருகிறது. ராத்திரி ஊறவைத்து, காலையில் வெறுமனே குழைய வேகவைத்து மோர் ஊற்றிக் குடித்துப் பாருங்கள், நன்றாக இருக்கும். அதுவும் அரிசிதான் என்பதால் ஒரு கிண்ணத்தோடு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 68, ஊர் தேவகோட்டை. பல வருடமாகக் காலையில் அதே தெருவில் நடை, அதே மூன்று இட்லி. எனக்குச் சலிப்பே இல்லை. மகள்தான் மாற்றுங்கள் அப்பா என்கிறாள். மாற்றணுமா?

பதில்: நடையையும் இட்லியையும் மாற்ற வேண்டாம் ஐயா, பிடித்துச் செய்கிறதை யாருக்காகவும் விடாதீர்கள். தொட்டுக்கொள்வதை மட்டும் கொத்தமல்லி, பீர்க்கங்காய்த் துவையல், பருப்பு நிறைந்த சாம்பார் என்று மாற்றிக்கொள்ளுங்கள், மகளுக்கும் நிம்மதி. ஆனால் ஒன்று சேர்க்கணும். 65 வயதுக்கு மேல் வாரத்தில் மூன்று நாளாவது உடம்பைத் தடுமாறாமல் நிறுத்தும் பயிற்சி வேண்டும், விழாமல் இருப்பதற்கு அதுதான் துணை. தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி, அப்புறம் அடுத்த கால். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எழுந்ததும் தலை சுற்றுகிறது என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், முதல் சில நாள் பக்கத்தில் யாராவது நிற்கட்டும்.