135 சதவீதப் பணிப்பளு: மேலாளரிடம் என்ன கேட்பது?

கேள்வி: இங்கிலாந்தில் புரொபேஷன் அதிகாரியாக, அதாவது தண்டனை பெற்றுச் சிறைக்கு வெளியே இருப்பவர்களைக் கண்காணிப்பவராகத் தகுதி பெற்று எனக்கு இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. நீண்ட மருத்துவ விடுப்பில் போன இருவரின் கேஸ்களும் என் பெயருக்கு வந்துவிட்டன. பணிப்பளுவை அளக்கும் கருவி 135 சதவீதம் காட்டுகிறது. மேலாளரிடம் சொன்னால், "இங்கே எல்லோருக்கும் இதே கதைதான்" என்கிறார். என் கண்காணிப்பில் இருக்கும் ஒருவர் நாளை பெரிய குற்றம் எதையாவது செய்துவிட்டால் பழி என் தலையில் விழுமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் மேலாளர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது. எல்லோரும் 100 சதவீதத்தை, அதாவது ஒருவருக்கு உரிய முழு வேலையளவைத் தாண்டி நிற்கிறார்கள் என்றால், எல்லோருடைய மேஜையிலும் சில வேலைகள் நடக்காமல் கிடக்கின்றன என்று பொருள். எந்த வேலை நடக்கவில்லை, அதை விடலாம் என்று முடிவு செய்தது யார்? மேலாளரிடம் பேச வேண்டியது இதைத்தான்.

அதற்கு முன் அந்த எண்ணைச் சரிபாருங்கள். ஆபத்தையும் தேவையையும் பொறுத்து ஒவ்வொரு கேஸையும் ஓர் அடுக்கில் வைப்பார்கள்; அந்த அடுக்கை வைத்து, அதற்கு இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கருவி ஒரு சராசரிக் கணக்குப் போடுகிறது. காலம் முடிந்த நீதிமன்ற உத்தரவு ஒன்று இன்னும் உங்கள் பெயரில் மூடப்படாமல் கிடக்கலாம். புதியவர் என்பதால் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய நேரக் குறைப்பு பதிவாகாமல் விட்டுப்போயிருக்கலாம். புதிதாகத் தகுதி பெற்றவருக்குப் பணிப்பளுவைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். இதை நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

சராசரிக்குள் அடங்காத கேஸ்களும் உண்டு. ஒரே அடுக்கில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வேலைக்குப் போகிறார், சொன்ன நேரத்துக்கு வந்து பேசிவிட்டுப் போகிறார். இன்னொருவர் வெள்ளிக்கிழமை சிறையிலிருந்து வெளியே வருகிறார். தங்க இடமில்லை. அலுவலகங்கள் மூடுவதற்குள் உள்ளாட்சிக் கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவில் யாரையாவது பிடித்தாக வேண்டும். அவருடைய மருந்து விவரம் சிறையிலிருந்து வந்து சேரவில்லை. முன்னாள் துணைவி வசிக்கும் தெருப்பக்கம் போகக் கூடாது என்ற நிபந்தனையை அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். அந்த ஒரு ஆளுக்கே உங்கள் அரைநாள் போய்விடும், ஆனால் கருவிக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். இப்படிப்பட்ட கேஸ்களைத் தனியே குறித்து வையுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு ஒரு பக்கத் தாளோடு போங்கள். வரும் இரண்டு வாரங்களில் கட்டாயம் முடிக்க வேண்டியவை, அவற்றுக்கு ஆகும் நேரம், உங்களிடம் இருக்கும் நேரம், இவ்வளவு எழுதினால் போதும். "என்னால் தாங்க முடியவில்லை" என்பது உண்மையாகவே இருந்தாலும், அதை மட்டும் சொன்னால் ஆறுதல்தான் கிடைக்கும். "இவற்றில் எதை நான் செய்யாமல் விடட்டும்?" என்று கேட்டால் முடிவு கிடைக்கும். பேசி முடித்த அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று பேசியபடி, இந்த நபரின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கிறோம். அதில் நான் காணும் ஆபத்து இது." முடிவு எதுவோ அதை அந்தந்த கேஸின் பதிவிலும் எழுதிவிடுங்கள்.

எதை விட்டாலும் சிலவற்றை விடக் கூடாது. குடும்ப வன்முறை பற்றிக் காவல்துறையிடம் விசாரிப்பது, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் குழந்தைகள் நலப் பிரிவிடம் கேட்பது, ஆபத்து அதிகமான ஒருவர் சந்திப்புக்கு வராதபோது அன்றே அதைக் கவனிப்பது. இந்த விசாரிப்புகள் விட்டுப்போவதை, புரொபேஷன் சேவையை ஆய்வு செய்யும் கண்காணிப்பு அமைப்பு பலமுறை கண்டித்திருக்கிறது. ஒருவரைப் பற்றிய ஆபத்து மதிப்பீட்டைப் பக்கம் பக்கமாக மெருகேற்றுவதைவிட, காவல்துறைக்கு ஒரு விசாரிப்பு அனுப்பிப் பதிலை வாங்குவதே மேல் என்பேன். கைமாறி வந்த கேஸ்களிலும் இந்த வரிசையிலேயே படியுங்கள்: முதலில் குடும்ப வன்முறை, பிள்ளைகள், அண்மையில் விடுதலையானவர்கள். மற்றவை அப்புறம்.

2024 ஏப்ரலில் கொண்டுவந்த மாற்றத்தால் பலருக்குக் கண்காணிப்புக் காலத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் வழக்கமான சந்திப்புகள் நிறுத்தப்பட்டன. உங்களிடம் அப்படிப்பட்டவர்கள் இருந்தால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். சந்திப்புதான் நின்றிருக்கிறது, பொறுப்பு நிற்கவில்லை. புதிய கைது, புதிய புகார் என்று தகவல் வந்தால் நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

சரி, பழி? கண்காணிப்பில் இருப்பவர் கடுமையான குற்றம் செய்தால், கேஸ் கையாளப்பட்ட விதத்தை மறுஆய்வு செய்வார்கள். உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, தெரிந்ததும் என்ன செய்தீர்கள், மேலாளர் எப்படி மேற்பார்வை செய்தார் என்று பார்ப்பார்கள். பணிப்பளு இருந்தது என்பதாலேயே எல்லாம் மன்னிக்கப்படும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முன்கூட்டியே எழுத்தில் எச்சரித்தவரும், எதுவுமே சொல்லாதவரும் அந்த ஆய்வில் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

இந்த நிலைமை உங்கள் திறமைக்குறைவால் வந்ததல்ல. 2014-ல் புரொபேஷன் சேவையை இரண்டாகப் பிரித்து, ஆபத்து குறைந்தவர்களையும் நடுத்தர ஆபத்துள்ளவர்களையும் 21 நிறுவனங்களிடம் ஒப்படைத்தார்கள்; அவை பெரும்பாலும் தனியார் கைக்குப் போயின. 2015 முதல், 12 மாதத்துக்குக் குறைவான தண்டனை பெற்றவர்களும் விடுதலைக்குப் பிறகு கண்காணிப்புக்குள் வந்தார்கள். 2021 ஜூனில்தான் எல்லாம் மறுபடி ஒரே குடையின் கீழ் வந்தது. 2024 செப்டம்பரில் தண்டனையின் 40 சதவீதத்திலேயே பலரை விடுவிக்கத் தொடங்கியதும் வேலை இன்னும் கூடியது. 2026 மார்ச்சுக்குள் 1,300 பயிற்சி அதிகாரிகளைச் சேர்ப்பதாக அரசு அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் பயிற்சி முடியவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதும் ஏற்கெனவே மூச்சுமுட்டிக் கிடக்கும் அனுபவசாலிகள்தான்.

ஆகவே உங்கள் உடம்பையும் பாருங்கள். 1974-ன் பணியிட நலப் பாதுகாப்புச் சட்டம் மன அழுத்தத்துக்கும் பொருந்தும். மன அழுத்த இடர் மதிப்பீடு செய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். தூக்கம் கெட்டிருந்தால் பணியாளர் நல மருத்துவப் பிரிவுக்குப் பரிந்துரைக்கச் சொல்லுங்கள். மின்னஞ்சலுக்குப் பதிலே வராவிட்டால், உள்ளூர்ப் பிரிவின் தலைவருக்கு அதே கடிதத்தை அனுப்புங்கள். நாப்போ, யூனிசன், ஜிஎம்பி ஆகிய சங்கங்களில் எதிலாவது நீங்கள் உறுப்பினர் என்றால், அடுத்த சந்திப்புக்கு முன்பே அந்த ஒரு பக்கத் தாளைச் சங்கப் பிரதிநிதியிடம் காட்டிவிடுங்கள்.