மகனிடம் பட்ட கடன்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. பள்ளியில் இந்த ஆண்டு தொழில்முனைவு வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். அவனும் ஆர்வமாக அட்டையில் புத்தகக்குறி செய்து விற்கிறான். ஆனால் காசு கைக்கு வந்த அன்றே செலவழித்துவிடுகிறான். இரண்டு வருடத்துக்கு முன்பு இப்படி இல்லை, உண்டியல் நிறையச் சேர்த்து வைத்திருந்தான். ஓர் அவசரத்துக்கு நாங்கள் அதை எடுத்துக்கொண்டோம், அது வேறு விஷயம். கூட்டு வட்டிக் கணக்கெல்லாம் நானே சொல்லிக்கொடுத்தேன், காதில் ஏறவில்லை. பணத்தின் அருமை தெரிய அவனை எந்தப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாம்? – ஒரு தாய்

பதில்: சகோதரி, 'அது வேறு விஷயம்' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. எடுத்ததை எழுதிய நீங்கள் திருப்பி வைத்ததை எழுதவில்லை. வைத்திருந்தால் எழுதியிருப்பீர்கள். அவனிடம் கேட்டு எடுத்ததாகவும் எழுதவில்லை.

இந்தக் கடிதம் பல வருடங்களாக வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டிருக்கிறது. பிள்ளைக்குப் பணத்தின் அருமை தெரியவில்லை என்று தொடங்கும். நடுவில் எங்கோ ஒரு மூலையில் காலியான உண்டியல் ஒன்று கிடக்கும்.

72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் ஏறத்தாழ எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று தெரிந்துவிடும். 8 சதவீதம் என்றால் 9 ஆண்டு. நீங்கள் சொல்லிக்கொடுத்ததும் இதுபோல ஒன்றாகத்தான் இருக்கும். கணக்கு சரிதான். ஆனால் அவன் கண்ணால் பார்த்த கணக்கு என்ன? சேர்த்து வைத்தது காணாமல் போனது. செலவழித்தது மட்டும்தான் அவனுடையதாக இருந்தது. உங்கள் பிள்ளை விவரம் தெரியாமல் செலவழிக்கவில்லை, உங்கள் வீட்டில் கற்றுக்கொண்டதைச் செய்கிறான்.

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 சின்னக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2013இல் வெளியானது. முதலில் ஒரு பெரியவர், 'பொறுத்திரு, இதைவிட நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருகிறேன்' என்பார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம், 'இல்லை, மன்னித்துக்கொள்' என்று வெறுங்கையோடு வந்தார். அப்புறம் ஒரு மிட்டாயை வைத்து, 'இதைத் தின்னாமல் காத்திருந்தால் இரண்டு தருவேன்' என்றார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். இது ஒரு சிறிய ஆய்வுதான். ஆனால் சேமிப்பது பிள்ளையின் குணம் மட்டும் என்று நினைத்திருந்த எனக்கு, அந்த 3 நிமிடம் மறக்கவே இல்லை.

'பெற்றவர்கள்தானே எடுத்தோம், அவனுக்காகத்தானே எல்லாம் செய்கிறோம்' என்று உங்களுக்குத் தோன்றும். பிள்ளையை வளர்ப்பது நம் கடமை. அதைச் செலவாக எழுதி அவன் உண்டியலில் கழித்துக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது. குடும்பத்துக்கு ஒரு கஷ்டம் என்றால் பிள்ளையும் தோள் கொடுக்க வேண்டும், அதில் நான் உறுதியாக இருக்கிறேன். நீங்கள் கேட்டிருந்தால் அந்த 9 வயதில் அவன் கொடுத்திருப்பான், பெருமையோடு கொடுத்திருப்பான். கேட்காமல் எடுத்தபோது அந்தப் பெருமையையும் சேர்த்து எடுத்துவிட்டீர்கள்.

பயிற்சி வகுப்பு இப்போது வேண்டாம். ஒருவர் கடனுக்குச் சரக்குக் கொடுக்கிறார் என்றால், வாங்கியவர் சொன்ன தேதியில் பணம் தருவார் என்ற நம்பிக்கையில்தான் கொடுக்கிறார். தொழிலுக்கு அதுதான் அடித்தளம். அதை வீட்டில் பார்க்காத பிள்ளைக்கு வெளியே யார் சொல்லி என்ன பயன்?

நீங்களும் உங்கள் கணவரும் அவனோடு உட்காருங்கள். எடுத்தது தவறு என்று சொல்லுங்கள். 'அப்போது கஷ்டம்' என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், முதல் வாக்கியம் அதுவாக இருக்க வேண்டாம். எவ்வளவு எடுத்தீர்கள் என்பது உங்களுக்கு மறந்திருந்தால் அவனைக் கேளுங்கள், அவனுக்கு நினைவிருக்கும். கூட்டு வட்டி சொல்லிக்கொடுத்தீர்களே, அதை இங்கே போடுங்கள். இரண்டு வருட வட்டியை அவனே கணக்குப் பார்க்கட்டும். ஒரே தடவையில் முடியாது என்றால் தவணை, தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நோட்டு அவனிடம் இருக்கட்டும்.

புத்தகக்குறி வியாபாரத்தையும் அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அட்டைக்கும் வண்ணத்துக்கும் ஆன செலவைக் கழிக்காதவரை, அவன் லாபம் என்று நினைப்பது வெறும் வரவுதான்.

முதல் தவணையை இந்த மாதமே கொடுங்கள். வாங்கியதும் அவன் அதை எண்ணிப் பார்ப்பான். 'அம்மாவையே நம்ப மாட்டாயா?' என்று கேட்டுவிடாதீர்கள். எண்ணட்டும்.