ரைஸ் குக்கர் வெள்ளைக்காரனுக்கா?

கேள்வி: டைரக்டர் பாயல் கபாடியாவைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறீர்களே, 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' வெள்ளைக்காரன் காசில் வெள்ளைக்காரனுக்காக எடுத்த படம்தானே? அதில் அப்படி என்னதான் நடக்கிறது? பத்து வருஷத்தில் கதைப்படம் என்று ஒன்றே ஒன்று!
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: காசு விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. நம்மூர்ப் பணத்தோடு பிரான்ஸ், நெதர்லாந்து, லக்ஸம்பர்க், இத்தாலிப் பணமும் அதில் இருக்கிறது. இரண்டு மலையாள நர்ஸ், ஒரு ஆஸ்பத்திரிச் சமையல்காரம்மா, ஹீரோ கிடையாது என்று இங்கே யாரிடம் போய்க் கதை சொன்னாலும் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அப்புறம் அந்தப் பெண் எங்கேதான் போவார்?

ஆனால் வெள்ளைக்காரனுக்கான படம் என்று குடியாத்தத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வதுதான் தாங்கவில்லை. பஸ் ஏறி வந்து வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி வார்டில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கேரளத்து சிஸ்டர் ஒருவர் கொல்கத்தாக்காரரிடம் இந்தியில் மல்லுக்கட்டிவிட்டு, அடுத்த கட்டில் ஆம்பூர்ப் பாட்டியைத் தமிழில் அதட்டி மாத்திரை போடவைப்பார். டூட்டி முடிந்து ரூமுக்குப் போனபிறகு அவருக்கு என்ன வாழ்க்கை என்று நீங்களோ நானோ யோசித்ததுண்டா? படம் அந்த ரூமுக்குள் போகிறது. அந்த இரண்டு நர்ஸில் ஒருத்தி பிரபா; அவள் புருஷன் கல்யாணமான கையோடு ஜெர்மனிக்குப் போனவன், ஒரு வருஷத்துக்கு மேலாக போன்கூட இல்லை. திடீரென்று ஒரு பார்சல், உள்ளே சிவப்பு ரைஸ் குக்கர், ஒரு வரி கடிதம் கிடையாது. ராத்திரி தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரைக் கட்டிக்கொள்கிறாள். என்ன நடக்கிறது என்று கேட்டீர்களே, இது நடக்கிறது.

பிற்பகுதி ரத்னகிரிக் கடற்கரைக்குப் போகிறது (முருகன் இருக்கிற நம்ம ரத்தினகிரி இல்லை, மகாராஷ்டிரத்தில் இருப்பது). அங்கே கனவு மாதிரி வரும் ஒரு காட்சி எனக்கு ஒட்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் குற்றச்சாட்டு ஒன்றும் புதிதில்லை. இந்தியப் படம் ஒன்று 30 வருஷம் கழித்து கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போய், 2024-இல் அங்கே இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் ப்ரீயும் வாங்கி வந்தது; அதை விட்டுவிட்டு, ஆஸ்கருக்கு வேறு படத்தை அனுப்பினார்கள். ஐரோப்பியப் படம் பார்த்த மாதிரி இருந்தது என்று தேர்வுக் குழு கருதியதாகச் செய்தி வந்தது.

அப்புறம் அந்தப் பத்து வருஷம். 2015-இல் புனே திரைப்படக் கல்லூரியில் நடந்த 139 நாள் ஸ்டிரைக்கில் முன்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர், அதற்காக ஸ்காலர்ஷிப்பை வெட்டினார்கள். 2017-இல் அவருடைய குறும்படம் கானில் மாணவர் பிரிவுக்குப் போனது. 2021-இல் மாணவர் போராட்டங்களை வைத்து எடுத்த ஆவணப்படம் அங்கேயே ஆவணப்படத்துக்கான கோல்டன் ஐ விருது வாங்கியது. இதெல்லாம் உங்கள் கணக்கில் வராதா? கிராண்ட் ப்ரீ வந்ததும் பிரதமர் வாழ்த்தினார், அதே கல்லூரியும் எங்கள் மாணவி என்று பெருமையோடு வாழ்த்தியது, ஸ்டிரைக் சமயத்தில் அவர் மீதும் மற்ற மாணவர்கள் மீதும் போட்ட போலீஸ் கேஸ் அப்போதும் கோர்ட்டில் நடந்துகொண்டுதான் இருந்தது.