வானம் நன்றாக வருகிறது, மரம் ஏன் விறைத்துப் போகிறது?

கேள்வி: மூன்று வருடமாக நீர்வண்ணத்தில் நிலக்காட்சி வரைகிறேன். வானம் ஓரளவு நன்றாக வந்துவிடும். மரம், புல் என்று இறங்கியதும் இலை இலையாக வைக்க ஆரம்பித்து, கடைசியில் படம் விறைத்துப் போகிறது. வேகமாக வரைந்து பார்த்தேன், அழுக்காகிவிட்டது. கையை எப்படித் தளர்த்துவது?

பதில்: உங்கள் வானம் ஏன் நன்றாக வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. வானத்துக்கு இருப்பதிலேயே பெரிய பிரஷை எடுத்திருப்பீர்கள். கலவையைத் தாராளமாகக் கரைத்து வைத்திருப்பீர்கள். தாள் ஈரமாக இருக்கும்போதே முடித்துவிட்டு, மறுபடி தொடாமல் விட்டிருப்பீர்கள். மரத்துக்கு வந்ததும் இந்த மூன்றும் தலைகீழாகிவிடும்: பிரஷ் சிறுக்கும், கலவை தீர்ந்து தீர்ந்து போகும், காய்ந்த இடத்தையே திரும்பத் திரும்பத் தொடுவீர்கள். ஆக, கோளாறு கையில் இல்லை. வேகமும் அதனால்தான் உதவவில்லை. 4-ஆம் எண் பிரஷை வேகமாக ஓட்டினால் அதே சின்னக் கீற்றுகள் இன்னும் நிறைய விழும், அவ்வளவுதான்.

28 × 38 செ.மீ. அளவுத் தாளுக்கு 12-ஆம் எண் உருண்டை பிரஷ் ஒன்று, ஒரு அங்குலத் தட்டை பிரஷ் ஒன்று போதும். மெல்லியவற்றைக் கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள். பிரஷின் உலோக வளையத்தை ஒட்டிப் பிடித்தால் விரல்தான் அசையும். பின் நுனியருகே பிடித்து, நின்றபடி வரைந்தால் தோள் அசையும். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாளாக இருக்கட்டும். மெல்லிய மரக்கூழ்த் தாள் நெளிந்து பள்ளங்களில் நீர் தேங்கும், சீக்கிரமும் காயும், மேலே இன்னொரு அடுக்கு போட்டால் கீழிருப்பது கிளறிக்கொண்டு வரும். அழுக்கு என்று நீங்கள் சொல்வதில் கொஞ்சம் இந்தத் தாளின் வேலையாகவும் இருக்கலாம்.

தொடங்குமுன் தீப்பெட்டி அளவில் ஒரு குட்டிப் படம் பென்சிலில் போடுங்கள். வெளிர், நடு, அடர் என மூன்றே டோன். கண்ணைப் பாதி மூடிக் காட்சியைப் பார்த்தால் இலைகள் மறைந்து பெரிய திட்டுகள் மட்டும் நிற்கும். அந்தத் திட்டுகளைத்தான் வரையப்போகிறீர்கள். அடர் டோன் எங்கே என்று இந்த இடத்திலேயே முடிவாக வேண்டும். முடிவாகாத படத்தில்தான் கை இலைகளில் போய் ஒளிந்துகொள்ளும். பெரிய தாளில் பென்சில் கோடு பத்துக்கு மேல் வேண்டாம். கோடு போட்டுவிட்டால் அதற்குள் நிரப்பத்தான் தோன்றும்.

அடுத்து, கலவை. வானத்துக்கு இரண்டு தேக்கரண்டி நீராவது இருக்கும் குட்டை ஒன்று, நடுத்திட்டுகளுக்குப் பால் பதத்தில் ஒன்று, அடருக்குத் தயிர் பதத்தில் ஒன்று என மூன்றையும் முன்கூட்டியே கலந்துவிடுங்கள். பாதி மரத்தில் கலவை தீர்ந்து நீங்கள் பேலட்டுக்கு, அதாவது நிறம் கலக்கும் தட்டுக்கு, திரும்பும் ஒரு நிமிடத்தில் தாள் காய்ந்துவிடும், விளிம்பு இறுகிவிடும். காய்ந்ததும் நிறம் ஒரு படி வெளுக்கும் என்பதால் ஈரத்தில் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும்படியே வையுங்கள். வெளுத்துப்போனதைச் சரிசெய்யத்தான் பலர் மேலே மேலே பூசுகிறார்கள்.

இதில் எல்லாமே தாளின் ஈரத்தைப் பொறுத்தது. நீர் பளபளத்துத் தேங்கி நிற்கும்போது வைத்த நிறம் இஷ்டத்துக்கு ஓடும், வானத்துக்குச் சரி. தேங்கல் வடிந்து மெல்லிய மினுமினுப்பு மட்டும் இருக்கும்போது வைத்தால் விளிம்பு கரைந்து நிற்கும். தொலைமரங்களும் மலையடிவாரமும் வைக்க இதைவிட நல்ல நேரம் இல்லை. மினுமினுப்பு போய், புறங்கையால் தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும் கட்டம்தான் ஆபத்து. அப்போது நீர்த்த பிரஷால் தொட்டால், புது நீர் பாதி காய்ந்த நிறத்தை வெளியே தள்ளி, காலிஃபிளவர் மாதிரி ஓரம் கட்டும். தாளில் இருப்பதைவிடப் பிரஷில் நீர் குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. சந்தேகம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு முழுதாகக் காயவிடுங்கள்.

இனி மரம். மரவரிசையையும் அதன் நிழலையும் தரையோடு சேர்த்து ஒரே திட்டாகப் பாருங்கள். தாள் வைத்த பலகையின் மேல்முனையை ஐந்து செ.மீ. உயர்த்தி வைத்து, 12-ஆம் எண் பிரஷின் நுனியைவிட வயிற்றுப் பகுதியால் பால் பதப் பச்சைக் கலவையை மேலிருந்து இழுத்து வாருங்கள். திட்டின் கீழ்விளிம்பில் எப்போதும் ஒரு நீர்மணி தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். அது இருக்கும்வரை கோடு விழாது. நடுவே வானம் தெரிய நாலைந்து இடைவெளிகளை விடுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒரு பக்கம் அல்ட்ராமரீன் நீலத்தையும் இன்னொரு பக்கம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் தொட்டுவிட்டு விலகிக்கொள்ளுங்கள். தாளிலேயே கலக்கும் பச்சைக்கு வரும் உயிர் பேலட்டில் கிண்டிய பச்சைக்கு வராது. ஓரத்தில் இலை வேண்டுமென்றால், பிரஷைத் துணியில் ஒற்றி, கரடுமுரடான தாளின் மேல் படுக்கவைத்து ஒரு தேய். மேடுகளில் மட்டும் நிறம் ஒட்டி இலைபோலத் தெரியும். ஒன்றுதான், இரண்டாம் தேய்ப்பில் அந்தப் புள்ளிகள் அடைபட்டுவிடும்.

முழுதும் காய்ந்த பிறகு அடர்நிறம். குட்டிப் படத்தில் முடிவு செய்த இடத்தில் மட்டும், ஏழு கீற்றுக்குள். எண்ணியே வையுங்கள். சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் எண்ணும்போது ஒவ்வொரு கீற்றுக்கும் முன்னால் யோசிக்கிறீர்கள்.

புகைப்படம் பார்த்து வரைபவரானால், அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, மங்கலாக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஈர அடுக்கு முடிந்ததும் கவிழ்த்துவிடுங்கள். பயிற்சிக்கு, ஒரே காட்சியைப் பாதியளவுத் தாளில் நான்கு முறை, உலரும் நேரம் நீங்கலாக ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். முதல் இரண்டு பழைய பழக்கத்திலேயே போகும். அவற்றைக் கிழிக்காமல் நான்காவதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒளித்து வைத்த மெல்லிய பிரஷை இப்போது எடுக்கலாம். படத்தை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்திப் பார்த்து, கண் தங்க வேண்டிய ஓரிடத்தில் மட்டும் இரண்டு கிளை, ஒரு வேலிக்கம்பம். அந்தக் கோடு மிகையாகிவிட்டால் உடனே சுத்தமான ஈர பிரஷால் ஒரு முனையைக் கரைத்துவிடுங்கள். காய்ந்துவிட்டிருந்தால், அந்த இடத்தை மட்டும் நீரால் நனைத்து அரை நிமிடம் விட்டு, டிஷ்யூத் தாளால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தேலோ நீலம் மாதிரி தாளில் ஊறிப் பிடித்துக்கொள்ளும் நிறங்கள் அப்படி எடுபடாது. அந்த வேலிக்கம்பத்தை அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பலில் வைத்திருந்தால் பெரும்பாலும் எடுத்துவிடலாம்.