வேறு பக்கத்தைத் திறந்து வைத்து ஒப்பித்த மகன்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

கோவையில் சிறிய லேத் பட்டறை நடத்தி வருகிறேன். என் மகனுக்கு 11 வயது. ஆறாம் வகுப்புப் படிக்கிறான். பேச்சில் கெட்டிக்காரன். ஆனால் மூன்றாம் வகுப்பிலிருந்தே 'சொல்வதை எழுதுதல்' உள்ள நாளில் வயிற்று வலி என்பான். 'கொடி' என்பதைக் 'கெடி' என்று எழுதுவான். ண, ந, ன மூன்றும் அவனுக்கு ஒன்றுதான். டியூஷன் மாற்றினோம், இம்போசிஷன் எழுத வைத்தோம், பயனில்லை.

போன மாதம் ஓர் இரவு பாடத்தைப் படித்துக் காட்டச் சொன்னேன். தடங்கலே இல்லாமல் படித்தான். மகிழ்ந்து போய் எட்டிப் பார்த்தால், அவன் திறந்து வைத்திருந்தது வேறு பாடத்தின் பக்கம். அவன் அக்கா வாய்விட்டுப் படித்ததைக் கேட்டே முழுவதையும் மனப்பாடம் செய்திருக்கிறான். ஏமாற்றுகிறான் என்ற ஆத்திரத்தில் அடித்துவிட்டேன். "கடைசி எழுத்துக்கு வர்றதுக்குள்ள மொத எழுத்து மறந்துடுதுங்கப்பா" என்று மட்டும் சொன்னான்.

கற்றல் குறைபாடாக இருக்கலாம், சோதித்து அரசுச் சான்று வாங்குங்கள் என்று பள்ளியில் சொல்கிறார்கள். 'மாற்றுத்திறனாளி' என்று காகிதத்தில் ஏறிவிட்டால் நாளை மகளுக்கு வரன் பார்க்கும்போதும் பேச்சு வரும் என்று என் மனைவி மறுக்கிறாள். நானே பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் இரண்டு முறை தோற்றவன். இன்றும் பட்டறைக்கு வரும் பில்களை மனைவிதான் வாசித்துச் சொல்கிறாள். இது என்னிடமிருந்து அவனுக்கு வந்ததா? சான்று வாங்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத தந்தை

அன்புள்ள ஐயா,

உங்கள் மகன் அன்றிரவு செய்ததை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பாடம் முழுவதையும் காதால் வாங்கித் திருப்பிச் சொல்லும் பிள்ளைக்கு நினைவாற்றலிலோ முயற்சியிலோ குறை இருக்க வாய்ப்பில்லை. எழுத்தை ஒலியாக மாற்றிக் கூட்டும் இடத்தில்தான் அவன் தடுமாறுகிறான். 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெர்சி என்னும் 14 வயதுச் சிறுவனைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 749-ஐ 867-ஆல் விரைவாகவும் சரியாகவும் பெருக்கிய அவன், தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதிவிட்டு அதைக் கவனிக்காமலும் இருந்தான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் இவனை மிஞ்ச ஆளிருக்காது என்று அவனுடைய ஆசிரியர் கருதியதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். இன்று டிஸ்லெக்சியா எனப்படும், வாசிப்பையும் எழுத்தையும் சார்ந்த கற்றல் குறைபாட்டைப் பற்றிய முற்காலப் பதிவுகளுள் அது ஒன்று.

தமிழ் எழுதியபடியே படிக்கும் மொழி, இதில் இந்தச் சிக்கல் வராது என்று சொல்பவர்கள் உண்டு. 'கொ' என்ற ஓர் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, பிறகு க, அதன்பின் கால். வாயிலோ க் என்ற ஒலிதான் முன்னால் வருகிறது. காலை விட்டுவிட்டால் 'கெ' ஆகிவிடும். அந்தக் க-வும் கல், தங்கம், பகல் என்ற மூன்று சொற்களிலும் ஒரேபோல் ஒலிப்பதில்லை. ண, ந, ன வேறுபாட்டை நம்மில் பலர் பேச்சில் காட்டுவதே இல்லை என்பதால், அங்கே அவனுடைய கூரிய காதும் உதவாது. 247 எழுத்துகளையும் சிரமமின்றிக் கடந்துவிட்ட நமக்கு இவையெல்லாம் கண்ணில் படுவதில்லை.

உங்களிடமிருந்து வந்ததா என்று கேட்கிறீர்கள், வந்திருக்கலாம். குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியதுதான் இது, ஆனாலும் உங்களைச் சோதிக்காமல் நான் உறுதி சொல்ல முடியாது. அது குற்றமும் இல்லை. இரண்டு முறை தோற்ற கதையை உங்கள் மகனிடம் நீங்களே சொல்லுங்கள், அடித்ததற்கு வருத்தமும் தெரிவியுங்கள். அப்பாவுக்கும் எழுத்து முரண்டு பிடித்திருக்கிறது என்று தெரிவதே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.

சான்றையும் சோதனையையும் பிரித்துப் பாருங்கள். சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு, உளவியலாளரிடம் நுண்ணறிவு, வாசிப்பு, எழுத்து, கணக்கு, கவனம் ஆகியவற்றை மதிப்பிடச் செய்யுங்கள். சான்றைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளுள் கற்றல் குறைபாடும் உண்டு. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு அதுவே ஆதாரம். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், 8 வயதுக்குப் பிறகே சான்று தரச் சொன்னதோடு, 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி மதிப்பிடவும் சொன்னது. ஆகவே சிறுவயதில் வாங்குவது அழியாத முத்திரை அன்று. உங்கள் மனைவியின் அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன், நம் ஊரில் அதற்குக் காரணம் இருக்கிறது. வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. அவர் மனம் இசையச் சில மாதம் ஆனாலும் ஆகட்டும். பத்தாம் வகுப்புவரை இழுக்க வேண்டாம்.

ஆனால் சலுகை வாசிக்கக் கற்றுத் தராது. அதற்குச் சிறப்புப் பயிற்றுநர் வேண்டும். ஒலியை முதலில் காதுக்குப் பழக்கி, மணலிலோ தட்டிலோ விரலால் எழுதவைத்து, சிறுசிறு அடியாக, நாள்தோறும் நடத்தும் பயிற்சி அது. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். சென்னையில் உள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்காக ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. நினைவாற்றல் டானிக்குகளில் பணத்தைக் கொட்டாதீர்கள், இம்போசிஷனை இன்றோடு நிறுத்துங்கள். அறிவியலையும் சமூக அறிவியலையும் அக்கா வாசிக்க அவன் கேட்டுப் படிப்பது தொடரட்டும், அது குறுக்குவழி அன்று. இன்னொன்று: 'எழுத்துத்தான் வரவில்லையே, பட்டறைக்கு வரட்டும்' என்ற எண்ணம் உங்களுக்குள் இருந்தால் அதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பட்டறை அவனாக விரும்பி வரும் இடமாகவே இருக்கட்டும்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது அவனுடைய பழைய நோட்டுகளை, சிவப்பு மை நிறைந்தவற்றையும் சேர்த்து, எடுத்துச் செல்லுங்கள். பிழைகளின் போக்கைக் கண்டறிய அவை உதவும். மனைவியையும் அழைத்துப் போங்கள். அவருடைய கேள்விகளை அவரே கேட்கட்டும்.