பழைய டபுள் கப், தளர்ந்த பின் ஸ்பிரிங்: கேள்வி பதில்

பழைய டபுள் கப் பிக்கப் வண்டிகளின் பின் ஸ்பிரிங் பற்றி வந்து குவிந்த கேள்விகளுக்கு இன்று உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். நான் ஸ்பிரிங், எக்சல், ஸ்டியரிங் வேலை பார்க்கிறவன். என்ஜின் புகை, ஏசி, இன்ஷூரன்ஸ் எல்லாம் வேறு ஆட்களிடம் கேளுங்கள். கேட்கும்போது வண்டியின் மொடலையும் வழக்கமாக ஏற்றும் பாரத்தையும் எழுதுங்கள். "வண்டி இறங்கிப் போச்சு, என்ன செய்ய" என்று மட்டும் எழுதினால் நான் சாத்திரம்தான் பார்க்க வேண்டும்.

வத்தளை: நானா, என்னிடம் ஹைலக்ஸ் எல்என்106 இருக்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் வலது பக்கம் இரண்டு விரல் அளவு சாய்ந்து நிற்கிறது. பின் ஸ்பிரிங் செட் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

பொறுங்கள் தம்பி, காசைக் கொடுக்க முதல் அளந்து பாருங்கள். சமமான சீமெந்துத் தரையில் நிறுத்தி, நான்கு டயருக்கும் காற்றைச் சரிபார்த்து, சில்லின் நடுப்புள்ளியிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளவெடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் அதற்குள் கலந்துவிடும்.

அடுத்து, சாய்வு முன்னாலா பின்னாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எல்என்106க்கு முன்பக்கமும் லீஃப் ஸ்பிரிங்தான், அதாவது வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங். முன் வலது ஸ்பிரிங் களைத்துப் போனாலும் பின்பக்கம் சாய்ந்தது போலத்தான் தெரியும். இதைச் சோதிக்க, பின் எக்சலின் நடுவில் ஜக்கை வைத்து இரண்டு பின் சில்லும் தரையை விட்டு எழும்பும் வரை தூக்குங்கள். இப்போது பின்பக்கம் ஒரே புள்ளியில் நிற்பதால் சாய்வைத் தீர்மானிப்பது முன்பக்கம் மட்டும்தான். உடம்பு நேராகிவிட்டால் கோளாறு பின்னால். சாய்வு அப்படியே நின்றால் கோளாறு முன்னால், பின் செட் வாங்குவது வீண் காசு. இந்தச் சோதனையின்போது வண்டிக்கு அடியில் யாரும் தலையைக்கூட நீட்டக் கூடாது.

பின்பக்கம்தான் என்று தெரிந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள். தகடு உடைந்தால் பெரும்பாலும் நடு போல்ட் (தகடுகளை ஒன்றாகக் கோக்கும் போல்ட்) துளைக்கு அருகிலோ, கண்ணுக்கு (மெயின் தகட்டின் முனையில் சுருட்டிய வளையத்துக்கு) அருகிலோதான் உடையும். ஒரே ஒரு கோடு போலத் துரு கசிந்திருந்தால் அது வெடிப்பு. நடு போல்ட் அறுந்திருந்தால் எக்சல் முன்பின்னாக நகர்ந்திருக்கும். மட்காட் வளைவுக்குள் சில்லு நடுவில் நிற்காது, வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கமாகப் போகும். தகடுகள் முழுதாக இருந்தும் வெறும் வண்டியிலேயே வளைவு தட்டையாகியிருந்தால் ஸ்பிரிங் முடிந்துவிட்டது. மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் சாய்வு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை: பழைய யூ போல்ட் நல்லாத்தான் இருக்கிறது அண்ணன். திரும்பப் போடலாமா?

கூடாது. இறுக்கும்போது யூ போல்ட் இழுபட்டு நீளும், அந்த இழுவைதான் ஸ்பிரிங்கை எக்சலோடு பிடித்து வைக்கிறது. ஒரு முறை நீண்டதை மறுபடி இறுக்கினால் அதே பிடி வராது, மரையும் கெட்டிருக்கும். பிடி தளர்ந்தால் தகடுகள் நடுவில் அசையத் தொடங்கும், நடு போல்ட் துளையில்தான் வெடிக்கும். "புது ஸ்பிரிங் ஒரு வருடத்தில் உடைந்துவிட்டது, சாமான் சரியில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது யூ போல்ட் புதிதா என்றுதான்.

தெஹிவளை: வீட்டிலேயே மாற்ற நினைக்கிறேன். கராஜ் வேலை கொஞ்சம் தெரியும். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலாவது உங்கள் உயிர். ஜக் தூக்குவதற்கு மட்டும். செசியின் கீழே இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, முன் சில்லுகளுக்குக் கட்டை கொடுங்கள். செங்கல், கொங்கிரீட் கல் வேண்டாம், அவை சொல்லாமல் நொறுங்கும். எக்சலுக்குத் தனியாக ஜக் வைத்து, ஸ்பிரிங்கில் பாரமும் இழுவையும் இல்லாத உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே போல்டில் கை வையுங்கள். எக்சலை இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஹேண்ட் பிரேக் கேபிள் எங்கே மாட்டுகிறது, பின் பிரேக்கின் பாரம் உணரும் வால்வுக் (பின்பக்கம் தாழ்ந்த அளவுக்குப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு) கம்பி வளைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தெஹிவளைக் கடற்காற்றில் முன் கண்ணின் போல்ட், கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். சில நாள் முன்பிருந்தே துரு இளக்கும் ஒயிலை அடித்து ஊறவிடுங்கள். அப்படியும் வராவிட்டால் அறுத்து எடுக்க வேண்டியதுதான். அதனால் புது போல்ட், புது புஷ், புது ஷக்கிள் (பின் கண்ணைச் செசியோடு சேர்க்கும் இணைப்பு) எல்லாம் கையில் இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அறுத்துப் போட்டுவிட்டு, மூடிக் கிடக்கிற பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு முன்னால் நிற்காதீர்கள்.

பூட்டும்போது முன் கண், பிறகு ஷக்கிள், நட்டுகளைக் கையால் மட்டும். நடு போல்டின் தலை எக்சல் தட்டின் துளைக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று விரலை விட்டே பாருங்கள். யூ போல்ட் நட்டுகள் நான்கையும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்க அளவு உங்கள் மொடலின் வேர்க்ஷொப் புத்தகத்தில் இருக்கும், டோர்க் ரெஞ்ச் இரவல் வாங்குங்கள்.

இனிப் பலர் கோட்டை விடும் இடம். கண் போல்டையும் ஷக்கிள் போல்டையும் வண்டி தொங்கும்போது இறுக்கவே கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை அமுக்கி ஆட்டி, தன் உயரத்தில் நிற்க விட்ட பிறகுதான் கடைசி இறுக்கு. ரப்பர் புஷ் சுழலாது, முறுகும். தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் புஷ் முறுகியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். கொஞ்சத் தூரம் ஓடியதும் ஒரு முறை, 500 கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை யூ போல்டைச் சரிபாருங்கள்.

இரத்மலானை: புது ஷொக் போட்டால் பின்பக்கம் உயருமா?

உயராது. வழக்கமான ஷொக் ஆட்டத்தை அடக்கும், பாரத்தைத் தாங்காது.

பேலியகொடை: மெனிங் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றுகிறோம், சில நாள் ஒரு டன்னுக்கு மேலே போகும். மேலதிகமாக ஒரு தடித்த தகடு போட்டால் போதுமா?

தகட்டின் விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடும். 6 மில்லிமீட்டர் தகட்டுக்குப் பதில் அதே நீள அகலத்தில் 7 போட்டால், அந்தத் தகடு மட்டும் ஏறக்குறைய 60 வீதம் விறைப்பாகும். அதனால் "கொஞ்சம் தடிப்பு" என்று கண்ணளவில் போடாதீர்கள். பக்கத்துத் தகடுகளோடு வளைவு பொருந்தாவிட்டால் பாரம் முழுவதும் ஒரே தகட்டில் ஏறி, அதுதான் முதலில் உடையும்.

அதைவிட, தகடு கூட்டினால் கூடுவது ஸ்பிரிங் மட்டும். பெயாரிங், பிரேக், டயர், செசி எல்லாம் கொம்பனி கொடுத்த அளவிலேயே நிற்கும். முன்பு வண்டி தாழ்ந்து "போதும்" என்று உங்களுக்குச் சொன்னது, இனி அதுவும் சொல்லாது. இன்னொன்று, பாரம் உணரும் வால்வு இருக்கும் வண்டியில் பின்பக்கம் உயர்ந்தால் வால்வு வெறும் வண்டி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மேல் பாரத்தோடு கடுகண்ணாவை மலைப்பாதையில் இறங்கும்போது அது எவ்வளவு ஆபத்து என்று நீங்களே யோசியுங்கள். தகடு கூட்டினால் வால்வையும் சரிசெய்யச் சொல்லுங்கள். பாரத்தைக் குறைப்பது இன்னும் மலிவு.

மட்டக்குளி: நீங்கள் எல்லாருக்கும் புது செட் என்கிறீர்கள். எங்கள் கராஜ் பாஸ் பழைய தகடுகளை அடித்து வளைவேற்றித் தருகிறார், பாதிக் காசுகூட இல்லை. ஏழைகள் என்ன செய்ய?

எல்லாருக்கும் சொல்லவில்லை, வத்தளைத் தம்பிக்கு அளந்து பார்க்கச் சொன்னேன். ஆனாலும் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

பாரம் ஏறும்போது வளைந்த தகடு தட்டையாகப் பார்க்கும். அப்போது உட்குழிந்த பக்கம் இழுபடும், வெளிப்பக்கம் நசுங்கும். வெடிப்பு இழுபடும் பக்கத்தில்தான் தொடங்கும். இனி உங்கள் பாஸ் செய்வதைப் பாருங்கள். தகட்டின் இரு முனைக்கும் கட்டை கொடுத்து, உட்குழிந்த பக்கம் மேலே பார்க்க வைத்து, நடுவில் சம்மட்டியால் அடிக்கிறார். அடித் தழும்பு விழுவது இழுபடும் பக்கத்தில். அது மட்டுமல்ல, சூடாக்காமல் பச்சை இரும்பாக வளைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் ஓர் இழுவை உள்ளேயே தங்கிவிடும். பாரம் ஏறும்போது இரண்டு இழுவையும் சேரும். அதனால்தான் அடித்த வளைவு சில மாதத்தில் படுத்துவிடுகிறது.

மட்டக்குளி (மறுபடி): எங்கள் பாஸ் பச்சையாக அடிப்பதில்லை, காஸ் அடித்துச் சிவக்க வைத்துத்தான் வளைக்கிறார்.

அது அதைவிட மோசம். ஸ்பிரிங் இரும்புக்கு அதன் குணம் வருவது சூட்டுப் பதத்தால். எஸ்.யூ.பி.9 என்கிற ஜப்பான் தர இரும்பை முழுத் தகடாக 830 முதல் 860 பாகை வரை சூடாக்கி, ஒயிலில் தோய்த்து, மறுபடி 460 முதல் 510 பாகையில் பதப்படுத்துவார்கள். காஸ் அடித்த இடத்தில் மட்டும் அந்தப் பதம் போய்விடும். தானாக ஆறவிட்டால் அந்த இடம் மென்மையாகி மடியும், தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி போல் உடையும்.

கொலன்னாவ: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் நானா. நானும் அடித்துத்தான் போட்டேன், மூன்று வருடமாக நிற்கிறது.

என்ன பாரம் ஏற்றுகிறீர்கள்?

கொலன்னாவ: பாரம் இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விடுகிறேன்.

அப்போ நிற்கும்தான்.

மட்டக்குளி (மூன்றாம் தரம்): அப்பா காலத்தில் லொறிகளுக்கெல்லாம் இப்படித்தான் செய்தார்கள். அவர்கள் எல்லாரும் மடையர்களா?

இல்லை. உலை வைத்திருந்தவர்கள் தகட்டை முழுதாகக் காய்ச்சி, ஒயிலில் தோய்த்து, மறுபடி பதம் பார்த்துக் கொடுத்தார்கள். அது முறையான வேலை. இன்றும் ஒருவர் உலையில் வைத்து அப்படிச் செய்து தருகிறார் என்றால், வெடிப்பில்லாத தகடுகளைத் தாராளமாகக் கொடுங்கள், எனக்கு ஆட்சேபமே இல்லை. உங்கள் பாஸிடம் போய் "தோய்த்த பிறகு மறுபடி சூடாக்குவீர்களா, எவ்வளவுக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் விசயம் தெரிந்துவிடும். இதற்கு மேல் இந்தச் சண்டை வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மருதானை: பஞ்சிகாவத்தையில் ஜப்பானில் கழற்றிய பாவித்த செட் கிடைக்கிறது. நம்பலாமா?

காசு குறைவு என்றால் அடித்த செட்டைவிட நான் இதைத்தான் எடுப்பேன், பார்த்து வாங்கத் தெரிந்தால். இரண்டு பக்கச் செட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கண்ணிலிருந்து கண்ணுக்கு நூல் பிடித்து, நூலுக்கும் மெயின் தகட்டின் நடுவுக்கும் உள்ள இடைவெளியை அளவெடுங்கள். இரண்டும் ஒத்துப் போக வேண்டும். கீழ்த் தகட்டின் முனை மேல் தகட்டில் பள்ளம் தோண்டியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள், நகம் மாட்டினால் விட்டுவிடுங்கள். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த செட்டைச் சுரண்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளையே ஓட்ட வேண்டி வந்தபோது, இந்தப் பெயின்ட் வியாபாரம் நன்றாகவே நடந்தது.

வெள்ளவத்தை: ஸ்பிரிங் கிறீச்சிடுகிறது. பாவித்த என்ஜின் ஒயில் அடிக்கலாமா?

வேண்டாம். ஒயில் ரப்பர் புஷ்ஷை ஊதவைத்துக் கெடுக்கும், மணலையும் பிடித்து வைத்து தகடுகளை அராவும். தகட்டு முனையில் உராய்வைத் தடுக்கும் பட்டைகள் இருந்தால் தேய்ந்திருக்கும், மாற்றுங்கள். மெரின் டிரைவ் பக்கம் நிறுத்துகிறவர் என்றால் கிழமைக்கொரு தரம் நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுங்கள்.

மாளிகாவத்தை: நானா, பழைய யூ போல்டுக்குப் புது நட் மட்டும் போட்டால்?

மேலே கொட்டாஞ்சேனைக்கு எழுதியதை வாசியுங்கள்.

கல்கிசை: குலுக்கம் குறைய ஒரு தகட்டைக் கழற்றிவிடலாமா?

மெயின் தகடு உடைய வேண்டும் என்றால் கழற்றுங்கள்.

நுகேகொட: வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தினால் பொலிஸ் பிடிக்குமா?

நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது, அவ்வளவு உயர்த்தினால் புரொப்பெலர் தண்டின் கோணம் மாறி வண்டி அதிரும் என்பது.

பம்பலப்பிட்டி: அண்ணன், எங்கள் கேட்டரிங் வண்டிக்கு ஸ்பிரிங் மாற்றக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வாகன வேலை தெரியாது. சரியாகச் செய்தார்களா என்று எப்படிப் பார்ப்பது?

நல்ல கேள்வி தங்கச்சி. கொடுக்கும்போதே "கழற்றிய யூ போல்ட், புஷ், நட்டு எல்லாம் எனக்கு வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். பழையது கைக்கு வந்தால் புதிது போட்டிருக்கிறார்கள் என்று கொஞ்சம் நம்பலாம். வண்டி வந்ததும் மட்காட் அளவை இரண்டு பக்கமும் எடுங்கள், ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் பெரிதல்ல. யூ போல்ட் நட்டுக்கும் தட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஒரு கிழமை கழித்துக் கோடு விலகியிருந்தால் நட் தளர்ந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கோடு நேராக நின்றாலும் மறு இறுக்கத்துக்குக் கொண்டு போங்கள், புதுத் தகடுகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது பிடி குறையும். அது பத்து நிமிட வேலை, அதற்குத் தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.