வீட்டை இழுத்துட்டுக் கிளம்பறவங்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நாங்க ரெண்டு பேரும் டெக்சாஸ் வீட்டை வித்துட்டு நாலு வருஷமா ட்ரெய்லர்லயே குடித்தனம் நடத்தறதை எழுதினேன்ல, அதுக்கு அமெரிக்காவுல எங்கெங்கேயோ இருந்து கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. பாதிப் பேர் எந்த ட்ரெய்லர் வாங்கலாம்னு கேட்டிருக்கீங்க. என் டிரக் தாங்குமான்னு கேட்டவர் ஒரே ஒருத்தர்தான், அவருக்குத்தான் முதல் பதில்.

மேடம், நாங்க டாலஸ் பக்கம். எனக்கு 61, வீட்டம்மாவுக்கு 57. பசங்க செட்டில் ஆயிட்டாங்க. வீட்டை வித்துட்டு 32 அடி ட்ரெய்லர் ஒண்ணு வாங்கி ஊர் ஊரா போலாம்னு பிளான். கையில அரை டன் பிக்கப் டிரக் இருக்கு, 11,000 பவுண்டு வரைக்கும் இழுக்குமாம். ட்ரெய்லர் காலி எடை 7,500தான், தாராளமா இழுக்கும்னு டீலர் சொல்றார். நம்பலாமா?

இழுக்கும் சார், அதுல பொய் இல்ல. ஆனா இழுக்கறது வேற சுமக்கறது வேற, டீலர் முதல் கணக்கை மட்டும் சொல்லிட்டு ரெண்டாவதை விட்டுட்டார். ட்ரெய்லரோட மூக்கு உங்க டிரக் பின்னாடிதான வந்து உக்காருது, மொத்த எடையில 10லேர்ந்து 15 சதவீதம் வரைக்கும் டிரக் முதுகுல இறங்கும், அதைத்தான் டங் வெயிட்னு சொல்றாங்க. இப்பவே போய் டிரைவர் கதவைத் திறந்து பக்கத்துத் தூண்ல பாருங்க, மஞ்சளும் வெள்ளையுமா ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆளுங்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்கும். அதுதான் பேலோட். விளம்பரத்துல வர்ற நம்பரை மறந்துடுங்க, உங்க வண்டிக்கு அந்த ஸ்டிக்கர்ல இருக்கறதுதான் கணக்கு.

சும்மா ஒரு உதாரணத்துக்கு ஸ்டிக்கர்ல 1,550 இருக்குன்னு வைங்க. காலி எடை 7,500ங்கறதுல தண்ணி கிடையாது, பாத்திரம் பண்டம் துணிமணி எதுவும் கிடையாது, வருஷம் முழுக்க அதுலயே இருக்கப் போறவங்க அந்த எடையில ஒரு நாளும் ஓட்டப் போறதில்ல. ஒரு கேலன் தண்ணியே 8.3 பவுண்டு, 50 கேலன் டேங்க் ரொம்பினா 415 பவுண்டு ஆச்சு. அதனால ட்ரெய்லர்ல போட்டிருக்கற அதிகபட்ச எடையை வச்சுத்தான் கணக்குப் போடணும், அது 9,500ன்னா 13 சதவீதம் 1,235. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு 320, ட்ரெய்லரை டிரக்கோட கோக்கற ஹிட்ச் ஒரு 90. மொத்தம் 1,645. டூல் பாக்ஸ் ஏத்தல ஜெனரேட்டர் ஏத்தல, அதுக்குள்ளயே 95 பவுண்டு கூட ஆயிடுச்சு பாத்தீங்களா.

அதனால ஒண்ணு டிரக்கை முக்கால் டன், ஒரு டன்னு சொல்ற பெரிய ரகத்துக்கு மாத்தணும், இல்லன்னா ட்ரெய்லரைச் சின்னதாக்கணும். என்னைக் கேட்டா ரெண்டாவது. ரெண்டு பேருக்கு 24, 25 அடி தாராளம், 32 அடி வாங்கினவங்க பல பேர் ரெண்டு வருஷத்துல சின்னதுக்கு மாறினதைப் பாத்திருக்கேன், நேஷனல் பார்க் உள்ள இருக்கற பழைய கேம்ப்கிரவுண்ட்ல பெரிய வண்டிக்கு இடமும் லேசுல கிடைக்காது. எதை வாங்கினாலும் எல்லாச் சாமானையும் ஏத்திட்டு ஹைவே டிரக் ஸ்டாப்ல இருக்கற கேட் (CAT) ஸ்கேல்ங்கற எடை மேடையில ஒரு தடவை ஏத்தி நிறுத்துங்க, ஒவ்வொரு ஆக்ஸில்லயும் எவ்வளவு இறங்குதுன்னு தனித்தனியா பிரிண்ட் எடுத்துக் குடுப்பாங்க. எங்க சீட்டை முதல் தடவை பாத்துட்டு எங்க வீட்டுக்காரர் அரை மணி நேரம் பேசவே இல்ல, அப்புறம் ரெண்டு அட்டைப் பெட்டி புஸ்தகத்தை இறக்கிட்டார்.

ட்ரெய்லரா, ஃபிஃப்த் வீலா? ஒரே வரியில சொல்லுங்க அக்கா.

ஒரே வரியில முடியாது, மூணு வரி தாங்க. ஃபிஃப்த் வீலும் ஒரு வகை ட்ரெய்லர்தான், டிரக்கோட தொட்டிக்குள்ளயே பின் ஆக்ஸில் மேல உக்காரறதால ஆட்டம் கம்மி, உள்ள நல்லா நிமிர்ந்து நிக்கலாம், ஆனா எடையில 20 சதவீதம் மாதிரி டிரக் மேல ஏறும், பெரும்பாலானதுக்கு ஒரு டன் டிரக் வேணும், தொட்டியில வேற சாமான் வைக்கவும் முடியாது. சாதா ட்ரெய்லர் விலை கம்மி, ஆனா எடையைப் பகிர்ந்து குடுக்கற ஹிட்ச்சும், ட்ரெய்லர் பிரேக்கை டிரக்லேர்ந்தே போடற பிரேக் கன்ட்ரோலரும் இல்லாம ஹைவே பக்கமே போகாதீங்க.

எனக்கு வெட் கிரைண்டர் இல்லாம முடியாது. ட்ரெய்லர்ல ஓடுமா? சிரிக்காதீங்க, சீரியஸா கேக்கறேன்.

யாரு சிரிச்சா, எங்க வண்டியில டேபிள் டாப் ரெண்டு லிட்டர் கிரைண்டர் நாலு வருஷமா ஓடுது. கிரைண்டருக்கு 150 வாட் பக்கம்தான் ஆகும், பாவம் அது ஒண்ணும் பண்ணாது. வில்லன் ஏசியும் மைக்ரோவேவும்தான். ட்ரெய்லர் கனெக்ஷன்ல 30 ஆம்ப், 50 ஆம்ப்னு ரெண்டு இருக்கு. 30 ஆம்ப்னா 120 வோல்ட்ல மொத்தமே 3,600 வாட். 50 ஆம்ப் கேக்கறதுக்குத்தான் கொஞ்சம் கூட மாதிரி இருக்கும், அதுல ரெண்டு லைன் வர்றதால 12,000 வாட் கிடைக்கும், மூணு மடங்குக்கும் மேல. 30 ஆம்ப் வண்டியில ஏசி 1,500, ஹீட்டர் தண்ணி காய வைக்கறது 1,400, அதுக்கு மேல மைக்ரோவேவ் போட்டீங்கன்னா டப்புன்னு பிரேக்கர் விழும். அதனால வரிசை போட்டுப் பழகணும், சட்னிக்கு மிக்ஸி ஓடற நேரம் வாட்டர் ஹீட்டரை ஆஃப் பண்ணிடணும், அவ்வளவுதான். ஊர்லேர்ந்து கொண்டாந்த 230 வோல்ட் மிக்ஸி மட்டும் வேண்டாம், இங்க 110-120 வோல்ட்டுக்குன்னே விக்கறாங்க. ட்ரெய்லர் நிறுத்தற பார்க்ல கரண்ட் ஏறி இறங்கும், ஒரு நல்ல சர்ஜ் ப்ரொடெக்டர் போட்டுட்டுத்தான் வயரைச் சொருகணும்.

கரண்டைவிட எனக்குத் தொல்லை குடுத்தது இட்லி ஆவிதான். அந்தச் சின்ன டப்பாவுக்குள்ள குளிர் காலத்துல இட்லிப் பானை வச்சா ஜன்னல் கண்ணாடியெல்லாம் தண்ணி வடியும், கவனிக்காம விட்டா மெத்தைக்கு அடியில பூஞ்சை பூத்துடும், எனக்கே பூத்துது. மேல ஃபேனை ஓட விட்டு ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க. தாளிக்கறது, கருவாடு, இதெல்லாம் வெளியில ஒரு ஸ்டவ்வுல. அப்புறம் சோறு வடிச்ச கஞ்சியையும் எண்ணெயையும் சிங்க்ல ஊத்தாதீங்க, அது போய் சிங்க், குளியல் தண்ணி சேர்ற கிரே டேங்க்ல தேங்கிப் புளிச்சு மூணாம் நாள் வீடு பூரா நாறும், டேங்க்குக்குள்ள கையை விட்டுத் தேய்க்கவும் முடியாது.

அக்கா, கேக்கவே கூச்சமா இருக்கு. நாம தண்ணி ஊத்திக் கழுவற ஆளுங்க. அந்த டாய்லெட் டேங்க் தாங்குமா?

கூச்சமே வேண்டாம், இதுல நாமதான் கொடுத்து வச்சவங்க. டாய்லெட் கழிவு சேர்ற பிளாக் டேங்க்குக்குத் தண்ணிதான் மருந்தே. தண்ணி கம்மியா ஊத்திட்டு வால்வையும் திறந்தே வச்சுட்டாங்கன்னா தண்ணி மட்டும் ஓடிப் போயிடும், மிச்சம் கோபுரம் மாதிரி குவிஞ்சு கல்லாயிடும். வால்வு எப்பவும் மூடியே இருக்கணும், மூணுல ரெண்டு பங்கு ரொம்பினதும் ஒரேயடியா திறந்து விடணும், முதல்ல பிளாக், அப்புறம் கிரே, அப்பத்தான் சோப்புத் தண்ணி போய் ஹோஸைக் கழுவி விடும். காலியானதும் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தி வைங்க. நம்ம பழக்கத்துக்கு டேங்க் சீக்கிரம் ரொம்பும், அது உண்மை. குடிதண்ணிக்கு வெள்ளை ஹோஸ் தனி, கழிவு ஹோஸ் தனி, கையுறை தனி, எல்லாம் ஒரே பெட்டியில போட்டு வைக்கறவங்க வீட்ல நான் காபி குடிக்க மாட்டேன்.

வீட்டை வித்துட்டா அட்ரஸுக்கு என்ன பண்றது? எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் சிட்டிசன், ஒருத்தர் கிரீன் கார்டு.

முழு நேரம் சுத்தறவங்க பெரும்பாலும் டெக்சாஸ், ஃபுளோரிடா, சவுத் டகோட்டா இந்த மூணுல ஒண்ணைத்தான் சொந்த ஸ்டேட்டா வச்சுக்கறாங்க, மூணுலயும் ஸ்டேட் இன்கம் டாக்ஸ் இல்ல, தபாலை வாங்கி அனுப்பி வைக்கற சர்வீஸும் உண்டு. டெக்சாஸ் லிவிங்ஸ்டன்ல எஸ்கேப்பீஸ்னு ஒரு கிளப், 1978லேர்ந்து இருக்கு, எக்கச்சக்கமான பேருக்கு அதுதான் முகவரி. டிரைவிங் லைசென்ஸ், இன்சூரன்ஸ், சிட்டிசனா இருக்கறவரோட ஓட்டு எல்லாம் ஒரே ஸ்டேட்ல இருக்கட்டும், ஒண்ணு அங்க ஒண்ணு இங்கன்னு இருந்தா பழைய ஸ்டேட் டாக்ஸ்காரன் வந்து நிப்பான்.

கிரீன் கார்டு உள்ளவங்க ரெண்டு விஷயம் கவனிக்கணும். அட்ரஸ் மாறினா 10 நாளுக்குள்ள இமிக்ரேஷன் ஆபீஸுக்கு ஏஆர்-11 ஃபாரத்துல தெரிவிக்கணும், சிட்டிசன் ஃபிரெண்ட்ஸ் யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்குத் தேவையில்ல. ரெண்டாவது, கார்டு ஒரிஜினல் கையிலயே இருக்கணும். டெக்சாஸ், அரிசோனா தெற்குப் பக்கம் ஹைவேயிலயே பார்டர் பேட்ரோல் செக்பாயின்ட் வச்சிருக்காங்க, எல்லையைத் தாண்டாமலே நிறுத்திக் கேப்பாங்க. கனடா வழியா அலாஸ்கா போறதுன்னா கிரீன் கார்டோட செல்லுபடியாகற பாஸ்போர்ட்டும் வேணும்.

65 வயசுக்கு வர்ற அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸான மெடிகேர் வயசு வந்தவங்க, அதையே தனியார் கம்பெனி வழியா குடுக்கற அட்வான்டேஜ் பிளான் எடுக்கறதுக்கு முன்னாடி யோசிங்க, அதுல டாக்டர் நெட்வொர்க் பெரும்பாலும் ஒரு ஏரியாவோட நின்னுடும், ஒரிஜினல் மெடிகேர்னா அதை ஏத்துக்கற டாக்டர் எந்த ஸ்டேட்ல இருந்தாலும் பாக்கலாம். ட்ரெய்லர் இன்சூரன்ஸ்லயும் முழு நேரம் குடியிருக்கோம்னு சொல்லியே எடுங்க, வீக்கெண்ட் பாலிஸியை வச்சுக்கிட்டு கிளெய்ம் போட்டா கையை விரிச்சுடுவாங்க. 62 ஆனதும் நேஷனல் பார்க் சீனியர் பாஸ் வாங்கிடுங்க, 80 டாலர், ஆயுசுக்கும், கிரீன் கார்டுக்கும் உண்டு. பல இடத்துல கேம்பிங் பாதி விலை.

வண்டி வந்ததும் நேரா கிளம்பிடலாமா? எங்களுக்கு முதல் டிரிப்பே அலாஸ்கான்னு ஆசை.

ஐயோ வேண்டாம் தம்பி. முதல் மாசம் வீட்டை விக்காதீங்க, வீட்டுக்கு ஒரு மணி நேர தூரத்துல இருக்கற ஸ்டேட் பார்க்ல நாலு தடவை போய் ராத் தங்குங்க, டாலஸ்காரங்களுக்கு சீடர் ஹில் ஸ்டேட் பார்க் பக்கத்துலயே இருக்கு. எந்த வால்வு ஒழுகுது, எந்தக் கதவு தானா திறந்துக்குதுன்னு எல்லாம் அந்த நாலு ராத்திரியில தெரிஞ்சுடும், புது வண்டின்னாலும் ஒழுகும்.

ஓட்டறதுல ரெண்டு ஆபத்து. ஒண்ணு ஆட்டம். பின்பக்கம் கனமா ஏத்தினா ட்ரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிச்சுடும், அதனால கனமான சாமானெல்லாம் ஆக்ஸிலுக்கு முன்னாடிதான். ஆட ஆரம்பிச்சா நம்ம கால் தானா பிரேக்குக்குத்தான் போகும், அழுத்தக்கூடாது, ஆக்ஸிலரேட்டரை மெதுவா விட்டுட்டு ஸ்டியரிங்கை நேரா புடிச்சு பிரேக் கன்ட்ரோலர்ல இருக்கற சின்ன லீவரை மட்டும் தள்ளணும், அது ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போட்டு நிமிர்த்தும். காலி ரோட்ல அந்த லீவர் எங்க இருக்குன்னு பாக்காமலே கை போற அளவுக்குப் பழகுங்க. வேகம் 60, 65க்கு மேல வேண்டாம், நிறைய ட்ரெய்லர் டயர் 65 மைலுக்குத்தான் செஞ்சது, கலிஃபோர்னியாவுல இழுத்துட்டுப் போறவங்களுக்குச் சட்டமே 55. டயர் பக்கவாட்டுல கடைசி நாலு நம்பரைப் பாருங்க, 3221ன்னா 2021ல 32வது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருக்குன்னு ஏமாறாதீங்க, நின்ன இடத்துலயே வயசாகி வெடிக்கும்.

இன்னொண்ணு உயரம். நிறைய வண்டி 13 அடியைத் தொடும், கார் ஜிபிஎஸ்சுக்கு அது தெரியாது. நார்த் கரோலினா டர்ஹம்ல ஒரு ரயில் பாலம் 11 அடி 8 இன்ச்தான் இருந்துது, மோதின வண்டிக்குக் கணக்கே இல்ல, 2019ல தூக்கி 12 அடி 4 ஆக்கினாங்க, அதுக்கப்புறமும் மோதறாங்க. நியூயார்க் பார்க்வேயெல்லாம் பாலம் ரொம்பத் தாழ்வு. பால்டிமோர் ஹார்பர் டனல்கள்ல நம்ம சைஸ் கேஸ் சிலிண்டரோட போகக்கூடாது, முன்னாடி கீ பிரிட்ஜ் வழியா சுத்திப் போவோம், 2024 மார்ச்ல கப்பல் மோதி அது விழுந்ததுலேர்ந்து 695 ஹைவேயில மேற்குப் பக்கமா சுத்த வேண்டியிருக்கு.

அப்புறம் சக்கரத்துக்குக் கட்டை. ஆர்கன்சாஸ்ல ஒரு கேம்ப்கிரவுண்ட்ல மழை வர்ற அவசரத்துல கட்டை வைக்காம ஹிட்ச்சைக் கழட்டிட்டோம், வண்டி ஒரு ரெண்டடி தானா உருண்டு பிக்னிக் டேபிள்ல போய் நின்னுது, டேபிள் இல்லன்னா ஏரிதான். அன்னிலேர்ந்து கட்டை வைக்கறது என் வேலை, வச்சேன்னு நான் வாய் விட்டுச் சொல்ற வரைக்கும் அவர் ஹிட்ச்சைத் தொடக்கூடாது.

ரிவர்ஸ் எடுக்கும்போது புருஷன் பொண்டாட்டிக்குச் சண்டை வருமாமே?

வரும். எங்களுக்கு மூணு மாசம் வந்துது, பக்கத்து சைட்காரங்க சேர் போட்டு உக்காந்து பாத்தாங்க. இப்ப ஸ்டியரிங்கைக் கீழ் பக்கம் பிடிச்சுக்கறார், ட்ரெய்லர் பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ கையும் அந்தப் பக்கம். நான் பின்னாடி நின்னு கத்தறதில்ல, போன்ல பேசறேன், லெஃப்ட் ரைட்டுக்குப் பதிலா மரத்துப் பக்கம், கம்பத்துப் பக்கம். கண்ணாடியில நான் தெரியலன்னா அவர் உடனே நிறுத்திடணும், இறங்கி வந்து பாக்கணும், அதுக்கு நான் கோவிச்சுக்கக்கூடாது. கடைசி கண்டிஷன் அவர் போட்டது.